ராகேலின் வலது கை

ஒட்டு டாட்டூவுக்கு ஆயுசு நாலு நாள். அதற்கு மேலும் ஒருத்தி கையில் அது அப்படியே இருந்தால், ஒன்று அவள் குளிப்பதில்லை, இல்லையென்றால் ஒட்டிய நாளை மாற்றிச் சொல்கிறாள் என்று அஜிதா வாங்க வருகிறவர்களிடம் கேலியாகச் சொல்வதுண்டு. இப்போது அவளே குளியலறையில் வாளிக்கு முன்னால் உட்கார்ந்து, இடது மணிக்கட்டைச் சோப்பும் நாரும் போட்டுத் தேய்த்துவிட்டு, தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்றைக்கே வலது கையில் சோதனைக்கு ஒட்டிய பட்டாம்பூச்சி எப்போதோ சிறகு வெடித்து, காய்ந்த சோற்றுப் பருக்கை போல உதிர்ந்துபோனது. அதே தாள், அதே மை, அதே பசை. மணிக்கட்டில் இருந்த சின்னக் கை மட்டும் ஓரத்தில்கூடப் பிசிறவில்லை.

உரியாதது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. உள்ளுக்குள் சந்தோஷம்தான். தேய்ப்பதை நிறுத்த வைத்தது வேறு. ஒட்டியபோது அந்தக் கையின் விரல்கள் விரிந்திருந்தன. நகம் வெட்டும் கத்திரியால் ஒவ்வொரு விரலிடுக்கிலும் உள்ளே போய் நறுக்கி எடுத்தவள் அவள்தான். இடுக்கில் பசைத்தாள் மிச்சம் இருந்தால் கை வாத்துக்காலாகத் தெரியும் என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது இடுக்கே இல்லை. நான்கு விரல்களும் ஒன்றோடொன்று நெருங்கி, மணிக்கட்டின் வளைவில் படிந்து கிடந்தன. தண்ணீரில் ஊறித் தோல் சுருங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தலைக்குத் தண்ணீரை ஊற்றினாள்.

அது ராகேலின் கை. ராகேல் அவளுடைய மகள். போன வருஷம் ஆடி மாசத்துக் கர்க்கடக மழையில், முட்டளவு தண்ணீரில் பள்ளிக்கூடம் விட்டு வந்தவளுக்கு எலிக்காய்ச்சல் பிடித்தது. மஞ்சள் பூத்து, சிறுநீர் நின்று, அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள். ஏழு வயசு.

ராகேல் இருந்த காலத்தில் அவள் கையில் ஒட்டிப் பார்க்காமல் ஒரு டாட்டூத் தாளும் வீட்டைவிட்டு இறங்கியதில்லை. புருஷன் செல்வின் விழிஞ்ஞம் துறைமுக யார்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சொந்த ஊரான கருங்கல்லிலிருந்து வந்து முக்கோலையில் இந்த மாடிப் போர்ஷனைப் பிடித்தார்கள். பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று அஜிதா பழைய பிரிண்டர் ஒன்றை வாங்கிப்போட்டுத் தொடங்கிய தொழில் இது. வழவழப்புத் தாளில் படத்தை அடித்து, மேலே பசைத்தாளைக் குமிழ் விழாமல் நீவி ஒட்டி, ஓரம் வெட்டி, தோலில் கவிழ்த்து, ஈரத்துணியால் அமுக்கி, தாளை மெல்ல நழுவ விட்டால் படம் தோலில் நிற்கும். பிசுபிசுப்பு போகக் கொஞ்சம் பவுடர். கீழ்வீட்டு சபீனாவின் ஃபேன்ஸி கடையில் நன்றாகப் போயிற்று. ராகேல் கையில் மயிலும் மீனும் ஏறிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடமாடும் விளம்பரப் பலகையாகப் போய்வந்தாள். டீச்சர் கூப்பிட்டுக் கண்டித்தபோது, "வீட்டுல இதுதான் டீச்சரே சோறு" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

பிரிண்டரின் மூடியைத் திறந்து கண்ணாடியில் கையை வைத்துப் பொத்தானை அமுக்குவது அவளுக்கு விளையாட்டு. கைக்குக் கீழே வெளிச்சம் ஊர்ந்து போகும்போது கூச்சம் வந்தவளாக நெளிந்து சிரிப்பாள். அப்படி எடுத்த ஒன்று எப்படியோ கம்ப்யூட்டரில் தங்கியிருந்தது. இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரவேற்கும் பிரவேசனோற்சவத்துக்காகச் சபீனா குடைப் படம் கேட்டாள். அதைத் தேடப்போன இடத்தில், திரை நிறைய, ரேகை ரேகையாக, ராகேலின் வலது உள்ளங்கை வந்து நின்றது. அஜிதா அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அடுப்பில் சோறு தீய்ந்த வாடை வந்தபிறகுதான் எழுந்தாள்.

அதை மருதாணிச் சிவப்பாக மாற்றி, அதே அளவில் அடித்தாள். அடிக்கும்போது ஒரு தப்பு நடந்தது. டாட்டூவுக்கு எப்போதும் படத்தை இடம்வலமாகத் திருப்பி அடிக்க வேண்டும். தாளைக் கவிழ்த்து ஒட்டுவதால் அது தோலில் நேராகிவிடும். அவசரத்தில் அவள் திருப்பும் கட்டத்தில் டிக் போட மறந்துபோனாள். குடைக்கும் பட்டாம்பூச்சிக்கும் அப்படி மறந்தால் குடி முழுகாது. கை அப்படியில்லை. தாள் நழுவியதும் பார்த்தால், கட்டைவிரல் மறுபக்கம் இருந்தது. நேராக அடித்திருந்தால் அது ராகேலின் உள்ளங்கையைப் பார்க்கிற படமாக இருந்திருக்கும். இது, ராகேல் வலது கையில் மருதாணியைப் பூசிக்கொண்டு வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டுப் போன தடமாக இருந்தது.

ரோட்டில் நடக்கும்போது ராகேல் எப்போதும் அம்மாவின் இடது பக்கம்தான் வருவாள். வலது கையால்தான் பிடிப்பாள். இதே இடத்தை.

தப்பைத் திருத்தி இன்னொன்று அடிக்க அவளுக்கு மனசு வரவில்லை. அன்று மணிக்கட்டைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு, பத்து மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாக மாத்திரை போடாமல் தூங்கினாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் சபீனா தாள்களை வாங்க மேலே வந்தாள். மழை விடாமல் பெய்தது. மாடிப்படியெல்லாம் செருப்புச் சேறு.

"சேச்சி, பட்டாம்பூச்சி தீர்ந்துட்டு. பிள்ளேரு வந்து கேட்டுக் கொல்லுதுக. குடை கூடி நெறைய அடிச்சுத் தரணும் கேட்டோ."

தாளை வாங்க நீண்ட அவள் கை அஜிதாவின் மணிக்கட்டில் பட்டது. சபீனா சுட்டதுபோல இழுத்துக்கொண்டாள். பிறகு சிரிக்கப் பார்த்தாள்.

"ஐயோ, ஐஸு போலயே இருக்கு. சேச்சிக்குப் பனியா?"

"காய்ச்சல் ஒண்ணும் இல்ல, மழையில்லா பெய்யுது" என்றாள் அஜிதா.

சபீனா அந்தச் சிவப்புக் கையை இன்னொரு முறை பார்த்தாள். யாருடையது என்று கேட்கவில்லை. கீழே இறங்கும்போது வழக்கத்துக்கு மாறாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள்.

சபீனா சொன்னபிறகுதான் அந்தக் குளிரை அஜிதாவும் கவனித்தாள். அது காய்ச்சல் குளிர் இல்லை. மழைக் குளிரும் இல்லை. மணிக்கட்டைச் சுற்றி மட்டும், வளையல் போட்ட இடம்போல, வறண்ட ஒரு குளிர். மூக்குக்கு அருகில் கொண்டுபோனால் லேசாக ஸ்பிரிட் வாடை அடித்தது. அந்த வாடை அவளுக்கு எங்கே போட்டாலும் தெரியும். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவு திறந்து மூடுகிற ஒவ்வொரு தடவையும் அந்தக் குளிரும் அந்த வாடையும்தான் வெளியே வந்து அவள் முகத்தில் அடித்தன. உள்ளே ராகேல் கண்ணைத் திறந்து திறந்து பார்த்தாள். உதடு அசைந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வராவிட்டாலும் பெற்றவளுக்கு அது கேட்டது. "அம்மே, கை தா." உள்ளே விடச் சொல்லி அஜிதா ஒவ்வொருவர் காலிலும் விழாத குறை. நேரம் முடிந்துவிட்டது, வெளியே நில்லுங்கள் என்றார்கள். அந்தக் கை யாரையும் பிடிக்காமலே குளிர்ந்துபோனது.

அதனால்தான் இந்தக் குளிரை அவள் துடைக்க நினைக்கவில்லை. நைட்டியின் கையை இழுத்து அதை மூடி, மேலே தன் வலது கையை வைத்துச் சூடு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்போது ஆறாம் மாசம். ராகேல் போன துக்கத்திலேயே, கேட்காமல் வந்த பிள்ளை. ஊரார் எல்லாம் போனவள்தான் திரும்பி வருகிறாள் என்று ஆறுதல் சொன்னார்கள். அஜிதாவுக்கு அப்படிச் சொல்கிறவர்களின் வாயில் மண்ணைப் போட வேண்டும்போல இருந்தது. இது வேறு பிள்ளை. சோறு தின்றதும் உதைக்கும், செல்வின் குரல் கேட்டால் உதைக்கும். தன் உடம்பு தன்னைக் கேட்காமலே இன்னொரு தடவை ஆசைப்படத் தொடங்கிவிட்டதே என்று அவளுக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் உதைக்குக் காத்திருப்பாள்.

மாசப் பரிசோதனைக்குப் போனபோது, ரத்த அழுத்தம் பார்க்க நைட்டியின் கையைச் சுருட்டிய நர்ஸ் நிறுத்தினாள். சிவப்புத் தடத்துக்கு அடியில் தோல் நீலம் பாரித்திருந்தது. விரலுக்கு விரல் சரியாக. நர்ஸ் கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி மலையாளத்தில் கேட்டாள்.

"இது ஆரா பிடிச்சது? வீட்டில் வல்ல பிரஷ்னமும் உண்டோ? சேட்டன் அடிக்குமோ?"

"மோளு" என்று சொல்லிவிட்டாள் அஜிதா. நர்ஸ் சிரித்தாள். பிள்ளைகளுக்கு இந்தக் காலத்தில் என்ன பலம் என்றாள். எத்தனை வயசு என்றும் கேட்டாள். அஜிதா மற்றக் கையை நீட்டினாள்.

டாக்டர் வயிற்றில் கருவியை வைத்து நெடுநேரம் தேடினாள். துடிப்பு இருக்கிறது, கொஞ்சம் மந்தமாக இருக்கிறது, பயப்பட வேண்டாம், அசைவைக் கவனித்துக்கொண்டே இரு, குறைந்தால் எந்த நேரமென்றாலும் உடனே வா என்றாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அஜிதா வலது கையில் குடையைப் பிடித்திருந்தாள். இடது கை பக்கவாட்டில், ரோட்டுப் பக்கமாக, கொஞ்சம் விலகியே நின்றது. உடம்போடு சேர்த்து வைத்தாள். சற்று நேரத்தில் மறுபடி விலகியது.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம், செல்வின் வேலைக்குப் போனபிறகு, அவள் கட்டிலில் கண்ணயர்ந்தாள். வெளியே மழை ஓட்டுக்கூரையிலும் வாழையிலையிலும் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. தூரத்தில் துறைமுகத்தில் பெட்டியை இறக்குகிற இரும்புச் சத்தம் எப்போதாவது ஒருமுறை தொம்மென்று கேட்டு அடங்கியது. பக்கத்து வீட்டில் யாரோ மீன் பொரித்தார்கள், அந்த வாடையும் ஈரத்துணி வாடையும் சேர்ந்து அறைக்குள் சுற்றின. தோள் கடுத்து அவள் விழித்தாள். இடது கை கட்டிலுக்கு வெளியே இருந்தது.

தொங்கவில்லை. தரைக்கு மேலே, தோளுக்கு நேராக, விறைப்பாக நீண்டு நின்றது. கதவைப் பார்த்து.

அவள் மூச்சு விடாமல் அதைப் பார்த்தாள். தன் கைதான். ஆனால் அதைத் தூக்கி வைத்திருப்பது தான் இல்லை. வலது கையால் முழங்கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். வரவில்லை. இன்னும் இழுத்தாள். எதிர்ப்பக்கம் ஒரு இழுப்பு. பயம் பிடித்தது. அதற்கு மேலே, அதைவிட வேகமாக, வேறொன்று பொங்கி வந்து கண்ணை மறைத்தது.

"மக்களே" என்றாள். "ராகேலு. நீயா மக்களே?"

மணிக்கட்டை ஐந்து சின்ன விரல்கள் இறுக்கின. இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்கின.

அவள் வாய்விட்டு அழுதாள். பயந்தும் அழுதாள், சந்தோஷத்திலும் அழுதாள். எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. அந்த வெற்று இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள், காற்றுதான் இருந்தது. அதன்பின் இழுப்பு மெல்லத் தளர்ந்து, கை அவள் மடியில் வந்து விழுந்தது. அன்று சாயங்காலம் முழுக்க அவள் மணிக்கட்டோடு பேசிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் திறந்ததைச் சொன்னாள். டீச்சர் மாறிப் போனதைச் சொன்னாள். உன் குடையை யாருக்கும் கொடுக்கவில்லை என்று சொன்னாள்.

வயிற்றுப் பிள்ளை அன்று உதைத்ததா என்று படுக்கும்போதுதான் யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

செல்வின் கவனிக்காதவன் இல்லை, கேட்கத் தெரியாதவன். மறுநாள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவன், அவள் இடது கையால் குழம்புச் சட்டியைப் பிடித்தபோது தட்டைத் தள்ளிவைத்தான். நீலம் முழங்கைவரை ஏறியிருந்தது.

"அஜிதா, அத எடுத்துக் களை."

அவள் சட்டியை இறக்கி வைத்தாள்.

"தேங்காயெண்ண போட்டா ஒரு நிமிஷத்துல போவும்ணு நீதானே எல்லாரிட்டயும் சொல்லுவே. எடுத்துக் களை பிள்ள. எனக்குப் பயமா இருக்கு."

"அவ என்னப் பிடிச்சிருக்கா" என்றாள் அவள். "அண்ணைக்குப் பிடிக்க விடல்லேல்லா. இப்பம் பிடிச்சிருக்கா. நான் எப்படி விட?"

செல்வின் அழுதான். சாவுக்குக்கூட அவன் எல்லோர் முன்னாலும் அழவில்லை. சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கல்லறைத் தோட்டத்தில் நின்றவன். இப்போது எச்சில் கையோடு உட்கார்ந்து அழுதான்.

"எனக்கும் அவ மோளுதான். ஆனா போயாச்சு அஜிதா. நமக்கு இனி இருக்கது ஒனக்க வயித்துல கிடக்க இந்த ஒண்ணுதான். இதையும் கொண்டு போயிட்டா நான் பெறவு எதுக்கு?"

அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவன் வேலைக்குக் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. போகிறேன் என்று கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனான். தாழ்ப்பாளைத் திறந்து வந்தபோது, சாப்பாட்டு மேசையில் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலும் பஞ்சும் எடுத்து வைத்திருந்தான்.

மேகம் மூடி, வழக்கமான நேரத்துக்கு முன்பே இருட்டியது. கரண்ட் போனது. மெழுகுவர்த்தியை மேசையில் நட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். குளிர் தோளைத் தாண்டியிருந்தது. விலாவுக்கு உள்ளே, ஈரச்சேலையை வைத்ததுபோல, மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சர்க்கரைத் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். இடதுபுறம் சரிந்து உட்கார்ந்து பார்த்தாள். வயிற்றைத் தட்டினாள், வழித்தாள், கூப்பிட்டாள்.

அசைவே இல்லை.

செல்வினுக்குப் போன் செய்தாள். "இஞ்ச பாருங்க, பிள்ள அனங்கல்ல. காலைல இருந்து அனக்கமே இல்ல."

எதிர்முனையில் காற்று இரைந்தது. "நான் ஆட்டோவும் பிடிச்சிட்டு வாறேன். நீ அனங்காம இரி. அஜிதா, அத எடுத்துக் களை. ஏசுவே, அத எடுத்துக் களை."

போனைக் கீழே வைத்தபோது இழுப்பு தொடங்கியது. முந்தின நாள் மத்தியானத்து இழுப்பு இல்லை இது. இடது கை மேசைக்குக் குறுக்கே சரேலென்று நீண்டது; நாற்காலி உடம்போடு சேர்ந்து ஒரு சாண் நகர்ந்து வயிறு மேசை விளிம்பில் இடித்தது. எண்ணெய்ப் பாட்டில் உருண்டது. மெழுகுவர்த்திச் சுடர் கதவுப் பக்கம் சாய்ந்து நின்றது. மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பு விரல்கள் தோலுக்குள் புதைவதை அவள் கண்ணால் பார்த்தாள்.

அவளுக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றியது. பிள்ளை தனியாகப் போகப் பயப்படுகிறாள். இருட்டில் குளியலறைக்குப் போகக்கூட அம்மா வர வேண்டும் அவளுக்கு. எங்கேயோ தெரியாத வழியில் நிற்கிறாள், அம்மாவைக் கூட வரச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அம்மா வந்தால் அம்மாவுக்குள் இருப்பதும் கூட வரும் என்று பாவம் அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் போகும்போது இது இல்லையே.

தான் மட்டும் என்றால் அஜிதா எழுந்து போயிருப்பாள். செருப்புக்கூடப் போட்டிருக்க மாட்டாள்.

"மக்களே, கேளு" என்றாள். "அம்மெக்க வயித்துல ஒரு வாவ கிடக்கு. ஒனக்குத் தெரியாதுல்லா, நீ போன பெறவு வந்தது. அத நான் கொண்டு வரப்பிடாது மக்களே. அம்மெ பெறவு வாறேன். கண்டிப்பா வாறேன். இப்பம் கைய விடு."

பிடி அசையாமல் நின்றது. காது கொடுத்துக் கேட்டதுபோல. பிறகு, நிஜமாகவே, விரல்கள் தளர்ந்தன.

ஒரு மூச்சு நேரம்தான். அடுத்த இழுப்பில் அவை முன்னைவிட வெறியோடு வந்து கவ்வின.

அஜிதா பஞ்சை எண்ணெயில் முக்கினாள்.

சுண்டுவிரலில் தொடங்கினாள். எண்ணெய் ஊற விட்டுத் தேய்த்தாள். சிவப்பு கசங்கி, நூலாகத் திரண்டு, பஞ்சோடு வந்தது. மற்ற நான்கும் இறுகின. எலும்பு வலித்தது.

"மன்னிச்சிரு மக்களே."

மோதிர விரல். தேய்த்தாள். வந்தது.

நடு விரல். அது வர மறுத்தது. நகத்தால் சுரண்டினாள். தன் பிள்ளையின் விரலைத் தானே சுரண்டினாள். அழும் சத்தம் ஒன்று கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஒரு சத்தமும் இல்லை. மழை மட்டும்.

ஆள்காட்டி விரல். எண்ணெய். பஞ்சு. கண்ணை மூடிக்கொண்டாள்.

கட்டைவிரல் ஒன்றுதான் பாக்கி. ஒரு விரலில் எவ்வளவு பலம். துடித்தது அது. பிடிக்க இடம் தேடித் தேடி வழுக்கியது.

"விடு மக்களே. விடு. விடு."

தேய்த்தாள்.

இழுப்பு அறுந்தது. நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சுவரில் மோதினாள். மெழுகுவர்த்தி அணைந்தது. இருட்டில் எதுவும் நடக்கவில்லை. குளிர் இல்லை. வாடை இல்லை. கை லேசாக இருந்தது, தாங்க முடியாத அளவுக்கு லேசாக. அவள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். வயிற்றுக்குள், இடதுபக்க விலாவுக்குக் கீழே, ஓங்கி ஒரு உதை விழுந்தது. பிறகு இன்னொன்று. அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அதற்கு நன்றி சொல்வதா அதைச் சபிப்பதா என்று தெரியாமல் தேம்பினாள்.

கரண்ட் வந்தது.

முதலில் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் சிவப்பு இல்லை. அங்கிருந்து புறங்கை வழியாக விரல் நுனிவரை ஐந்து கீறல்கள், மெல்லியவை, நெருக்கமானவை, புதிதாக ரத்தம் துளிர்த்தவை. வழுக்கிப் போகிற பிடியை நகத்தால் நிறுத்தப் பார்த்த கீறல்கள்.

கீறல்கள் விரல் நுனியோடு நிற்கவில்லை. பிளாஸ்டிக் மேசை விரிப்பில் ஐந்து கோடுகள் கிழிந்து நீண்டன. விளிம்பில் விரிப்பு சுருண்டு இழுபட்டிருந்தது. அங்கே விட்டு, தரையில் தொடங்கின. காவிச் சிமெண்டில் வெள்ளை வெள்ளையாக. நேராக இல்லை அவை. நாற்காலிக் காலை ஒரு இடத்தில் சுற்றியிருந்தன. பிரிண்டர் ஸ்டாண்டின் காலை இன்னொரு இடத்தில். கிடைத்ததையெல்லாம் பிடித்துப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு இடத்திலும் விட்டிருக்கிறாள்.

ராகேல் அம்மாவைக் கூப்பிடவில்லை. ராகேலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அஜிதா எழுந்து நிற்கப் பார்த்து முடியாமல், வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கோடுகளின் மேலேயே தவழ்ந்து போனாள். கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. கோடுகள் கதவுக்கு அடியில் புகுந்து போயிருந்தன. வெளியே ஆட்டோ வந்து நின்றது. படியில் செல்வினின் பூட்ஸ் காலடி வேகமாக ஏறி, பாதியில் நின்றது.

"அஜிதா" என்று கூப்பிட்டான். "அஜிதா, இந்த ஸ்டெப்பில எல்லாம் நகம் வெச்சுக் கீறினது போல..."

அவள் தாழ்ப்பாளைத் தொடவில்லை. நிலைப்படி மரத்தின் வெடிப்பில் ஒரு சின்ன நகம் வேரோடு பிய்ந்து சிக்கி நின்றது. அதன் அடியில் இருந்த ரத்தம் இன்னும் காயவில்லை.